ஊக்கு தேவைப்படாத மூடி



வீட்டில் கண் சொட்டு மருந்துக் குப்பி இருந்தால் ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பாருங்கள். பல குப்பிகளில் மூடியின் தலையில் வளைந்த அம்புக்குறி ஒன்று இருக்கும். வெள்ளை மூடியில் வெள்ளையாகவே புடைத்திருப்பதால், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். முதல் முறை பயன்படுத்தும்போது மூடியை இறுகத் திருக வேண்டும் என்கிறது அந்த அம்பு. ஆம், மூடுகிற பக்கமாகத்தான். அப்படித் திருகும்போது மூடிக்குள் இருக்கும் சின்ன முள் குப்பியின் மூக்கில் துளை போடும். பிறகு எதிர்ப்பக்கம் திருகிக் கழற்றினால் மருந்து சொட்டுச் சொட்டாக வரும்.

நல்ல ஏற்பாடுதான். துளை அளவாக விழும், வெளிக்கிருமி உள்ளே போகாது. ஆனால் திறக்க வேண்டும் என்று குப்பியைக் கையில் எடுத்தவர் அதை இன்னும் இறுக்கி மூடுவாரா? நம் வீடுகளில் மூடியைக் கழற்றிப் பார்த்து, மூக்கில் ஓட்டையே இல்லை என்று கண்டு, "கம்பெனிக்காரன் ஓட்டை போட மறந்துட்டான்" என்று சலித்துக்கொண்டு, தாலிக்கயிற்றில் கோத்திருக்கும் ஊக்கை எடுத்துக் குத்திவிடுகிறோம். ஊக்கின் அழுக்கு மருந்தோடு சேர்ந்து கண்ணுக்குள் போகிறது. துளை பெரிதாகிவிடுவதால் ஒரு சொட்டு விழ வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று ஒழுகுகிறது. மாதம் முழுக்க வர வேண்டிய குப்பி இருபதாம் தேதியே காலி. கண் அழுத்த நோய்க்கு வாழ்நாள் முழுக்கச் சொட்டு போட வேண்டியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 'அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் வாங்கிக்கலாம்' என்று மீதி நாட்களை மருந்தில்லாமலே ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர்.

சென்ற இதழில் வீட்டில் முதியோரைப் பார்த்துக்கொள்வது பற்றி எழுதியிருந்தோம். நோய்களைப் பற்றியும் மருத்துவர்களைப் பற்றியும் கடிதம் வரும் என்று எதிர்பார்த்தோம். வந்த கடிதங்களில் பாதி மூடியையும் அட்டையையும் சீலையும் பொடி எழுத்தையும் பற்றி இருந்தன. தஞ்சைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி, தன் மாமியார் மாத்திரை அட்டையைப் பாக்குவெட்டியால்தான் பிரிக்கிறார் என்று எழுதியிருந்தார். மாத்திரை சில நாள் முழுசாக வரும், சில நாள் இரண்டாக வருமாம். கோவையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், "எந்த விரல் வலிக்குத் தைலம் வாங்கினேனோ, அந்த விரலால்தான் தைலக் குப்பியைத் திறக்க முடியவில்லை" என்று எழுதினார். சிரித்துவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போக முடியவில்லை. இந்த இதழின் பெரும்பகுதியை மருந்துக்குப் போடும் சட்டைக்கே ஒதுக்கியதற்கு அந்தக் கடிதங்கள்தான் காரணம்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர் என்றால் உடனே அவருக்கு மறதி, அலட்சியம், படிப்பில்லை என்று சொல்லிவிடுகிறோம். அந்த அட்டையை, அந்த மூடியை, அந்த எழுத்தளவை யாரோ ஒருவர் ஒரு மேசையில் உட்கார்ந்து தீர்மானித்தார் என்பது நம் நினைவுக்கு வருவதே இல்லை. தீர்மானித்தவர்கள் மாற்றவும் முடியும். மாற்றியும் இருக்கிறார்கள்.

2002-இல் நியூயார்க்கில் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ் கல்லூரியில் வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்தார் டெபோரா ஆட்லர். அவருடைய பாட்டி ஹெலன், தாத்தா ஹெர்மனுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தன்னுடையது என்று நினைத்து விழுங்கிவிட்டார். அமெரிக்காவில் மருந்துக் கடையிலேயே மாத்திரையை எண்ணி, ஆரஞ்சு நிற உருளைக் குப்பியில் போட்டு, மேலே ஒரு தாள் ஒட்டிக் கொடுப்பது வழக்கம். வீட்டில் நாலு பேர் மருந்து சாப்பிட்டாலும் குப்பி எல்லாம் ஒரே அச்சு. வேறு யாராக இருந்தாலும் பாட்டியைக் கடிந்துகொண்டிருப்பார்கள். பேத்திக்குக் கோபம் குப்பிமேல் வந்தது.

அவர் அந்தத் தாளை உட்கார்ந்து படித்தார். அதில் பெரிதாகத் தெரிந்தது கடையின் பெயரும் சின்னமும். மருந்தின் பெயரும் எப்போது எத்தனை என்பதும் அதற்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தன. குப்பி உருண்டையாக இருந்ததால் ஒரு வரியைப் படித்து முடிக்கக் குப்பியைத் திருப்ப வேண்டியிருந்தது. ஆட்லர் குப்பியின் பக்கங்களைத் தட்டையாக்கினார். தொழில் வடிவமைப்பாளர் கிளவுஸ் ரோஸ்பர்க்குடன் சேர்ந்து உருவான இறுதி வடிவத்தில் மூடி கீழே போய்விட்டது; குப்பி தலைகீழாக நிற்கும், எழுதுவதற்குப் பெரிய முகம் கிடைக்கும். மேலே மருந்தின் பெயர், அடுத்து எப்படிச் சாப்பிடுவது, அதற்குக் கீழே ஒரு கோடு. கடைக்காரருக்கும் மருத்துவருக்கும் வேண்டிய விவரம் எல்லாம் கோட்டுக்குக் கீழே. கழுத்தில் ஒரு ரப்பர் வளையம், வீட்டில் ஆளுக்கொரு நிறம். தாத்தாவுக்கு நீலம் என்றால் நீல வளையம் போட்ட எதையும் பாட்டி தொட வேண்டாம். படிக்கவே தேவையில்லை.

டார்கெட் என்ற பெரிய கடைத்தொடர் 2005-இல் தன் மருந்துப் பிரிவு முழுவதிலும் அந்தக் குப்பியைக் கொண்டுவந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதே ஆண்டு அதைக் காட்சிக்கு வைத்தது. கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2015 கடைசியில் டார்கெட் தன் மருந்துக் கடைகளை சி.வி.எஸ். நிறுவனத்துக்கு விற்றது. புது முதலாளி வந்ததும் பழைய ஆரஞ்சு உருளையே திரும்பி வந்தது. பழகிய குப்பியே வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் முறையிட்டும் பயனில்லை. மருத்துவத்தில் ஒரு நல்ல பழக்கம் வேரூன்றிவிட்டால் யாரும் எளிதில் எடுத்துவிட மாட்டார்கள். மருந்தைப் பொதியும் விதம் மட்டும் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைச் சேர்ந்ததாகவே இருக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

குடும்பத்துக்குள்ளிருந்தே வந்த இன்னொரு கண்டுபிடிப்பு நம் ஊர்ச் சுகாதார நிலையம் வரைக்கும் வந்து சேர்ந்தது. 1960-களின் தொடக்கத்தில் கருத்தடை மாத்திரை சாதாரணக் குப்பியில்தான் வந்தது. இருபது நாள் சாப்பிட்டு, சில நாள் விட்டு, மறுபடி தொடங்க வேண்டும். இன்றைக்குச் சாப்பிட்டாயிற்றா என்பது குப்பியைப் பார்த்துத் தெரியாது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த பொறியாளர் டேவிட் வாக்னர் தன் மனைவி டோரிஸிடம் அடிக்கடி "போட்டாயா, போட்டாயா" என்று கேட்கப் போய் வீட்டில் மனத்தாங்கல் வந்தது. ஒரு தாளில் கிழமைகளை எழுதி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மாத்திரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் ஏதோ தட்டித் தாள் விழுந்தது, மாத்திரை எல்லாம் சிதறியது. அதற்குப் பிறகு அவர் பிளாஸ்டிக் தகட்டில் துளை போட்டு, வட்டமாகச் சுழலும் ஒரு டப்பாவைச் செய்தார். கிழமை தெரியும், எடுத்த இடம் காலியாகத் தெரியும். 1962-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1964-இல் கிடைத்தது.

நம் மாலா-டி அட்டை அதே வழியில் வந்தது. 28 மாத்திரை, பின்னால் அம்புக்குறிகள். 21 மருந்து, மீதி 7 இரும்புச்சத்து. ஏழு நாள் இடைவெளி விட்டு எட்டாம் நாள் மறக்காமல் தொடங்கு என்று சொல்லிப் புரியவைப்பதைவிட, இடைவெளியே இல்லாமல் செய்துவிட்டார்கள். தினமும் ஒன்று, அவ்வளவுதான். அம்பு காட்டும் வழியில் போக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ள முடிந்தது. யாரையும் கேட்க வேண்டாம், யாருக்கும் சொல்லவும் வேண்டாம். இத்தனை சின்ன அட்டைக்குள் இவ்வளவு சுதந்திரத்தை வைத்தவர்களை எத்தனை பாராட்டினாலும் தகும்.

சரி, திறக்கக் கடினமாக இருப்பதெல்லாம் தப்பா என்றால், இல்லை. கனடாவில் வின்ட்சர் நகரில் குழந்தை மருத்துவராக இருந்தவர் ஹென்றி புரோ. அங்கே விஷமுறிவு மையத்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். மிட்டாய் என்று நினைத்து மாத்திரை விழுங்கிய குழந்தைகளின் வயிற்றைக் கழுவிக் கழுவிச் சலித்துப்போனார். உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருகினால்தான் திறக்கும் மூடி 1967-இல் அவர் முயற்சியால் வந்தது. அமெரிக்கா 1970-இல் சட்டமே போட்டது.

அந்தச் சட்டத்தின் கீழ் மூடியைச் சோதிக்கும் முறை சுவாரசியமானது. மூன்றரை வயதிலிருந்து நாலே கால் வயது வரையிலான குழந்தைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஆளுக்கொரு குப்பி கொடுத்து, திறந்து காட்டு கண்ணா என்பார்கள். ஐந்து நிமிடம். முடியாவிட்டால் பெரியவர் ஒருவர் திறந்து காட்டுவார். பிறகு இன்னும் ஐந்து நிமிடம். வேண்டுமானால் பல்லையும் பயன்படுத்தலாம் என்று சொல்லியே கொடுப்பார்கள்! பத்துக் குழந்தைகளில் எட்டுப் பேராவது தோற்றால்தான் மூடி பாஸ்.

இதன் மறுபக்கம்தான் நம் விஷயத்துக்கு முக்கியம். பெரியவர்களால் திறக்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் அந்தச் சோதனைக்கு 18 முதல் 45 வயது வரை உள்ளவர்களைக் கூப்பிட்டார்கள். மருந்து அதிகம் சாப்பிடும் வயதுக்காரர்கள் யாரும் அந்த அறைக்குள் வரவே இல்லை. விளைவு என்ன? மூட்டுவாதம் வந்த தாத்தாவும் பாட்டியும் மூடியோடு மல்லுக்கட்ட முடியாமல், ஒரு தடவை யாரையாவது திறக்கச் சொல்லிவிட்டு அப்புறம் மூடாமலே வைத்தார்கள். விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளை கையில் திறந்த குப்பி. குழந்தைக்காகக் கண்டுபிடித்த மூடி, குழந்தையைக் காக்காமல் போனது. 1995-இல் விதியை மாற்றினார்கள்: இனி சோதிப்பவர்கள் 50 முதல் 70 வயது வரை இருக்க வேண்டும். மூடிகளை மறுபடி வடிவமைக்க வேண்டி வந்தது. கை வலுவைக் கேட்காமல், செய்யும் முறையைக் கேட்கும் மூடிகள் அதற்குப் பிறகுதான் பெருகின. யாருடைய கையில் சோதிக்கிறோம் என்ற ஒரு வரி மாறியதும் பண்டமே மாறிவிட்டது. இந்த இதழில் எனக்குப் பிடித்த கதை இதுதான்.

நம் மருந்துக் கடைகளில் அந்த மூடியை அரிதாகத்தான் பார்க்க முடியும். நமக்குப் பூட்டு என்றால் அலமாரியின் மேல்தட்டு. நம் பாடு வேறு. அது கத்தரிக்கோலில் தொடங்குகிறது.

பத்து மாத்திரை கொண்ட அட்டை. பளபளக்கும் தகட்டில் கறுப்பிலோ சிவப்பிலோ பொடி எழுத்து. டியூப் லைட்டுக்கு அடியில் பிடித்தால் எழுத்தைவிட லைட்டுதான் தெரிகிறது. காலாவதித் தேதியும் விலையும் ஓர் ஓரத்தில், பல சமயம் அழுத்தி முத்திரை குத்தியபடி. "மூணு நாளைக்குக் குடுங்க" என்றால் கடைக்காரத் தம்பி ஆறு மாத்திரையைச் சரக்கென்று வெட்டித் தருகிறார். அந்தத் துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். தேதி மற்ற நாலு மாத்திரையோடு கடையிலேயே தங்கிவிடும். நம் வீட்டு பிஸ்கட் டின்னைத் திறந்தால் இப்படிப்பட்ட துண்டுகள் எத்தனை! இது காய்ச்சலுக்கா, வாயுவுக்கா, போன வருஷத்ததா, அதற்கு முந்தையதா? மாத்திரைக்கு மாத்திரை துளைக்கோடு போட்டு, ஒவ்வொரு துண்டிலும் பெயரும் தேதியும் வரும்படி செய்யலாம் என்று 2023-இல் டெல்லியில் நுகர்வோர் துறை யோசனை பேசியது செய்தியாக வந்தது. இன்றைக்கும் என் டின்னில் இருப்பவை பழைய மாதிரியே வெட்டுப்பட்டவைதான்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2018 செப்டம்பர் முதல், மருந்தின் பொதுப்பெயர் கம்பெனி வைத்த பெயரைவிட இரண்டு அளவாவது பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. சில கூட்டு மருந்துகளுக்கு விலக்கு உண்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத ஆன்டிபயாடிக் அட்டைகளில் சிவப்புக் கோடு இருப்பதைக் கவனியுங்கள் என்று 2016-இல் பிரசாரம் செய்தார்கள். 2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களில் கியூஆர் குறியீடு கட்டாயமானது. போலி மருந்தைக் கண்டுபிடிக்க நல்ல வழி. ஆனால் 78 வயது அம்மாவுக்குக் கியூஆர் என்ன செய்யும்? அவர் தேடுவது மூன்று சொல்: காலையா, இரவா, எத்தனை. அதுவும் தமிழில். மருந்து அட்டையில் தமிழைப் பார்ப்பது அபூர்வம். ஷாம்பு பாக்கெட்டில் இருக்கும் தமிழ்கூட அதில் இல்லை.

அந்தக் குறையை நம் ஊரில் நிரப்புவது ஒரு காகிதக் கவர். மருந்துக் கடையிலும் அரசு மருத்துவமனையிலும் தருகிறார்களே, காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று அச்சடித்து, பேனாவால் டிக் போட்ட கவர். சில இடங்களில் சூரியனும் நிலாவும் படமாகவே இருக்கும். ஆட்லர் இவ்வளவு யோசித்துச் செய்த வேலையில் பாதியை நம் கவர் சில காசில் செய்கிறது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. இதன் ஒரே பலவீனம், மாத்திரை ஒரு பக்கமும் கவர் ஒரு பக்கமும் போய்விடும் என்பதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கியது. அதற்கு முன் அரசு மருத்துவமனையில் டப்பாவிலிருந்து மாத்திரையை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இன்றைக்கு அட்டையாகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. கொண்டு வருகிற பெண் தன்னார்வலர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பாட்டிகள் மாத்திரையைப் பெயரால் அறிவதில்லை, அட்டையின் நிறத்தால்தான் அறிகிறார்கள் என்றார். "பச்சை அட்டை சுகருக்கு, நீலம் பிரஷருக்குனு பழகியிருப்பாங்க. அடுத்த முறை வேற கம்பெனி சப்ளை வந்தா நிறம் மாறிடும். சில பேரு இது நம்ம மாத்திரை இல்லன்னு ஒதுக்கி வெச்சிடுவாங்க. சில பேரு பழசையும் புதுசையும் சேர்த்தே போட்டுடுவாங்க." ஒப்பந்தப்புள்ளி கேட்கும்போது மருந்தின் தரம், விலை, அளவு எல்லாம் எழுதுகிறோம். சுகர் மாத்திரை எந்தக் கம்பெனியிலிருந்து வந்தாலும் அட்டையில் இந்த நிறப் பட்டை இருக்கட்டும் என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு செலவாகிவிடும்? இந்தக் கேள்வியை அந்தப் பெண்களிடம் கேட்டுத் தொடங்கினால் எத்தனையோ யோசனை கிடைக்கும். அட்டை திறக்கப்படும் திண்ணையில் மாதந்தோறும் உட்காருகிறவர்கள் அவர்கள்தான்.

நிறம் என்றதும் இன்சுலினைச் சொல்லாமல் போகக் கூடாது. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலினில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்டது பெருமளவில் விற்கிறது. 100 யூனிட் கொண்டதும் உண்டு. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. சிவப்பும் ஆரஞ்சும்! வயதான கண்ணுக்கு, அதுவும் சர்க்கரை நோயில் பார்வை மங்கிய கண்ணுக்கு, இதைவிடப் பொருத்தமில்லாத ஜோடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 20 யூனிட் போட வேண்டியவர் 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை தடாலென இறங்கி மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மாற்றிச் செய்தால், 40 மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால், போவது வெறும் 8. குப்பியில் எழுதியிருக்கும் எண்ணும் சிரிஞ்சில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சத்தமாகப் படித்துப் பாருங்கள். கடைக்காரரையும் படிக்கச் சொல்லுங்கள். அவர் முறைத்தால் முறைக்கட்டும்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்திலும் இதே மாதிரி ஒரு வலை இருக்கிறது. பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு, சின்னது 200 மில்லிக்கு. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கொடுத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கேடு. தண்ணீர் அதிகமானால் பலன் குறைவு. நம் சமையலறையில் கறாராக ஒரு லிட்டர் காட்டும் பாத்திரம் எத்தனை பேரிடம் இருக்கிறது? ஜாம்பியாவில் இதற்கு ஒரு விடை கண்டார்கள். கோலா லைஃப் என்ற அமைப்பைத் தொடங்கிய சைமன் பெர்ரியின் யோசனை, குக்கிராமத்துக்கும் போய்ச் சேரும் கோக்க கோலா பெட்டிகளில் பாட்டில்களுக்கு இடையே இருக்கும் காலி இடத்தில் மருந்தை அனுப்பலாம் என்பது. அதற்காகவே இடுக்கில் பொருந்தும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைச் செய்தார்கள், கிட் யமோயோ என்று பெயர். உள்ளே சின்ன ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், துத்தநாக மாத்திரை, சோப்பு. நடைமுறையில் கோலா பெட்டி பெரிதாக உதவவில்லை. கடைக்காரர்கள் வேறு வழியில் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அந்தப் பெட்டியே அளவுப் பாத்திரமாகவும், கலக்கும் பாத்திரமாகவும், மூடி வைக்கும் பாத்திரமாகவும் இருந்ததுதான் தாய்மாருக்குப் பிடித்தது. கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்று, ஒரு பொட்டலம் கொட்டு, குலுக்கு. வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை. 2013-இல் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் அதற்கு அந்த ஆண்டின் சிறந்த பொருள் வடிவமைப்பு விருது கொடுத்தது.

1971-இல் வங்காள அகதி முகாமில் திலீப் மஹாலனோபிஸ் பெரிய டிரம்களில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய அதே மருந்துக்கு, நம் நாட்டில் வேறொரு வேஷமும் போட்டார்கள். சர்க்கரை மிகுந்த குளிர்பானங்கள் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்தைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு மருந்துக் கடையிலேயே உட்கார்ந்திருந்தன. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடிய பிறகு, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் அந்த எழுத்துகளைப் பானங்களில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. உங்கள் வீட்டில் பழைய பெட்டி இருந்தால் பின்பக்கத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இந்த இதழில் காசநோய் மருந்து பற்றிய கட்டுரையையும் தவறவிடாதீர்கள். மாத்திரை அட்டைக்கு ஓர் உறை போட்டு, மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால்தான் உறையில் மறைந்திருக்கும் இலவசத் தொலைபேசி எண் தெரியும்படி செய்த 99டாட்ஸ் என்ற ஏற்பாட்டை அதில் விளக்கியிருக்கிறோம். நோயாளி ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், இன்றைய மாத்திரை எடுத்தாயிற்று என்று பதிவாகிவிடும். இந்தியாவில் பிறந்த யோசனை. ஐரோப்பிய நாடுகளில் மருந்துப் பெட்டியின் மேல் பெயரைப் பிரெயிலில் பொறிப்பது 2004-இல் சட்டமானது பற்றியும் ஒரு பக்கம் இருக்கிறது. நம் ஊரில் பார்வையற்ற வாசகர் ஒருவர் காலை மருந்துக்கு ஒரு ரப்பர் பேண்டு, இரவு மருந்துக்கு இரண்டு என்று சுற்றி வைப்பதாகச் சொன்னார். அதையும் சேர்த்திருக்கிறோம்.

கோவை ஆசிரியருக்கு ஒரு சேதி. தைலம் இப்போது உருட்டும் பந்து வைத்த குச்சியாகவும் வருகிறது. மூடி பெரிது, இழுத்தால் வந்துவிடும், விரலை உள்ளே விட வேண்டியதில்லை. பயணத்துக்கும் தலைவலிக்கும் என்று இளைஞர்களுக்காக விற்கிறார்கள். உள்ளபடி அதிகம் பயன்படுவது மடங்காத விரல்களுக்குத்தான். விலை கொஞ்சம் கூடுதல். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மருந்துக் கடையில் கேட்க வேண்டிய ஒன்று: அட்டையை வெட்டித் தரும்போது தேதி இருக்கும் பக்கத்தை நமக்குத் தரச் சொல்லுங்கள். எல்லாருக்கும் அந்தப் பக்கம் கிடைக்காதே என்பீர்கள். உண்மை. கிடைக்காதபோது, கடையை விட்டு இறங்கும் முன் தேதியைப் பார்த்துக் கவரின் மேல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மருந்தின் முழுப் பெயரோடு. கவரோடு சேர்த்து ஒரு கிளிப் போட்டுவிட்டால் மாத்திரையும் எழுத்தும் பிரியாது. கண் சொட்டு வாங்கும்போது, எப்படித் துளையிடுவது என்று அங்கேயே கேட்டு, அவர் கையாலேயே திருகித் தரச் சொல்லலாம். முதல் சொட்டை எந்தத் தேதியில் போட்டோம் என்று குப்பியில் எழுதிவைப்பது நல்லது. பெரும்பாலான கண் சொட்டுகளைத் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது.

இதழின் நடுப்பக்கத்தில் தடித்த தாளில் ஒட்டுச் சீட்டுகள் வைத்திருக்கிறோம். காலைக்கு மஞ்சள், மதியத்துக்கு வெள்ளை, இரவுக்குக் கருநீலம். ஒவ்வொன்றிலும் சூரியன் அல்லது நிலா. சுகர், பிரஷர், இதயம், தைராய்டு என்று பெரிய எழுத்தில் தனியாக ஒரு வரிசை உண்டு. வெற்றுச் சீட்டுகளில் பெயர் எழுதிக்கொள்ளலாம். கத்தரிக்கோல் வேண்டாம், கையால் கிழியும்படி துளைக்கோடு போட்டிருக்கிறோம். மாதிரியை முதலில் கிழித்துப் பார்த்தவர் எங்கள் அலுவலகத்தின் மூத்த பிழைதிருத்துநர். எழுபதைத் தாண்டியவர், இரண்டு கட்டைவிரலிலும் வாதம். "துளை நெருக்கமா இல்லை, எழுத்தும் போதாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அச்சகத்தில் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி செய்து கொடுத்தார்கள். இரண்டாவது தாளை வாங்கி, ஒன்றும் சொல்லாமல், தன் பிரஷர் மாத்திரைக்கு ஒன்று கிழித்து ஒட்டிக்கொண்டு போனார். உங்கள் வீட்டில் சரியாகக் கிழியாவிட்டால் எழுதுங்கள். அடுத்த மாதமும் அச்சகத்தாரை முணுமுணுக்க வைக்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்